திறன் கூடங்களுக்கு ஆள் போடுங்கள்: மருத்துவக் கல்வி இயக்குநருக்கு வடசென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். இளவயதிலிருந்து வீதி நாடகத்தில் நடித்தவன். சில ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களும் செவிலியர் மாணவிகளும் பயிற்சி எடுப்பதற்காக நோயாளியாக நடித்துவருகிறேன். ஒரு நாள் நெஞ்சுவலிக்காரன், ஒரு நாள் சர்க்கரை நோயாளி, இன்னொரு நாள் மனைவியை ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டு வெளியே நிற்கும் கணவன். இந்த வேலைக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் முறையான ஒரு பணியிடம் வேண்டும், அதற்குச் சம்பளமும் பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். முதலில் ஸ்டான்லியில் தொடங்குங்கள் என்றும் கேட்கிறேன். ஏன் ஸ்டான்லி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படி ஒரு வேலை இருப்பதையே கேள்விப்படாதவர்களும் இதைப் படிக்கக்கூடும், எங்கள் பேட்டை ஆட்கள் உட்பட. அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மாணவர் உண்மையான நோயாளியிடம் போவதற்கு முன்னால், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசிப் பழகுகிறார், சோதித்துப் பழகுகிறார். கல்லூரிகளில் ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட் என்பார்கள், சுருக்கமாக எஸ்.பி. நான் மாதிரி நோயாளி என்றே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் ஒருவருடைய கதை இருக்கும். உதாரணத்துக்கு ஒன்று: வயது 52, காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை, விடியற்காலையிலிருந்து மேல்வயிற்றில் எரிச்சல். 'என்ன பண்ணுது?' என்று மாணவர் கேட்டால், 'கேஸ் ட்ரபிள் சார், ஒரு மாத்திரை குடுத்தா போய்டுவேன்' என்று ஆரம்பிக்க வேண்டும். வேர்த்துக் கொட்டியதையும் இடது தோள் கனப்பதையும் நானாகச் சொல்லக் கூடாது, கேட்டால்தான் சொல்ல வேண்டும். அப்பா ஐம்பது வயதில் திடீரென்று இறந்துபோனார் என்பது குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறவருக்கு மட்டும். குடியைப் பற்றி அதட்டிக் கேட்டால் 'எப்பவாவது' என்று மழுப்ப வேண்டும்; பொறுமையாகக் கேட்டால் தினமும் ஒரு குவார்ட்டர் என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு சில சமயம் வயிற்றெரிச்சலாக வேஷம் கட்டி வரும் என்பதை மாணவர் பிடிக்கிறாரா என்று பார்ப்பதற்காக எழுதிய கதை இது.

காலையில் வந்த முதல் மாணவருக்கு எப்படி நடித்தேனோ, மாலையில் வரும் கடைசி மாணவருக்கும் அப்படியே நடிக்க வேண்டும். ஓரிடத்தில் குரல் கொஞ்சம் ஏறினாலும் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மேடையில் ஜனம் ரசித்தால் கூட இரண்டு வரி சேர்த்துப் பேசுவோம். இங்கே ஒரு வரி சேர்த்தாலும் தேர்வே கெட்டுவிடும். நல்ல நடிகர்கள் சிலருக்கே இந்த வேலை ஒத்துவராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மேடை ஏறியே பழகாத பெண்கள் அருமையாகச் செய்வதையும் பார்த்திருக்கிறேன்.

உடம்பாலும் நடிக்க வேண்டும். குடல்வால் வீங்கி முற்றியவருக்கு வயிற்றை அழுத்தும்போது வருவதைவிட, அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது வலி சுரீர் என்று ஏறும். பித்தப்பை வீங்கியவரின் வலது விலாவுக்குக் கீழே விரலை அழுத்திவைத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னால், பாதி மூச்சிலேயே வலியில் நிறுத்திவிடுவார். எங்கே எவ்வளவு அழுத்தினால் முகம் சுளிக்க வேண்டும் என்பது வரை டாக்டர்கள் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். இதய வால்வின் இரைச்சலையும் ஈரல் வீக்கத்தையும் நடித்துக் காட்ட முடியாது. அதற்குப் பொம்மைகள் இருக்கின்றன. இதய ஒலிகளைக் கேட்டுப் பழகுவதற்காக மயாமி பல்கலைக்கழகத்தில் 'ஹார்வி' என்ற பொம்மையை 1968-லேயே செய்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தபிறகு, வேஷத்தைக் கலைத்துவிட்டு மாணவரிடம் பேச வேண்டும். நடிப்பைவிட இதுதான் கடினம். நன்றாகச் செய்தீர்கள், மோசமாகச் செய்தீர்கள் என்று தீர்ப்புச் சொல்வது பேராசிரியர் வேலை. நான் சொல்ல வேண்டியது, நோயாளியாக உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மட்டும். 'நீங்க பேப்பரையே பார்த்துக்கிட்டுக் கேட்டப்ப எனக்குச் சொல்லத் தோணலை. பேனாவை வச்சுட்டு நிமிர்ந்து கேட்டப்ப சொல்லிட்டேன்.' இப்படிச் சொல்லும்போது மாணவர் முகம் மாறுவது தெரியும். உண்மையான நோயாளி இதைச் சொல்ல மாட்டார், அவருக்குச் சொல்லத் தைரியமும் இருக்காது. இந்த ஒரு காரியத்துக்காகவே எங்களைப் போன்றவர்கள் வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர் 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில் இதைத் தொடங்கினார். ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, கால் இரண்டும் செயலிழந்த நோயாளியாக நடிக்கவைத்தார். மருத்துவக் கல்லூரிக்குள் ஹாலிவுட் புகுந்துவிட்டது என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் விடவில்லை. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியரும் உடனிருந்தவர்களும் ஓஸ்கி தேர்வு முறையை வெளியிட்டார்கள். மாணவர் ஒவ்வொரு மேசையாகப் போவார். மணி அடித்தால் அடுத்த மேசை. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல். அந்தத் தேர்வுக்குள் மாதிரி நோயாளிக்கு நிலையான இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்கு நம் ஊரிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போக நினைக்கும் டாக்டர், மான்செஸ்டரில் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதியை எழுதுகிறார். பதினாறு அறைகள், அறைக்கு எட்டு நிமிடம். பல அறைகளில் எதிரே உட்கார்ந்திருப்பவர் நடிகர். அவரை எப்படி எதிர்கொள்வது என்று பயிற்சி எடுக்கவே தனி வகுப்புகளுக்குப் பணம் கட்டுகிறார்கள். அங்கே போகிறவருக்குக் கிடைக்கும் அந்தப் பழக்கம், இங்கேயே தங்கி எங்களைப் பார்க்கப்போகும் டாக்டருக்கும் கிடைக்க வேண்டும்.

இனி ஸ்டான்லிக்கு வருகிறேன். எங்கள் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன இடம் அது. 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆனது. இப்போது ஆண்டுக்கு 250 பேர் எம்.பி.பி.எஸ். சேருகிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் எல்லாவற்றுக்கும் பெரியாஸ்பத்திரி என்றால் அதுதான். பட்டறையிலும் மில்லிலும் சிக்கி நசுங்கிய கைகளைச் சேர்த்துவைத்த அதன் கை அறுவைப் பிரிவுக்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. அங்கே வேலை செய்கிற டாக்டர்களை எங்கள் மக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள் என்றால் சும்மா இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இது எந்த ஒரு மருத்துவமனையைப் பற்றிய குறையும் இல்லை, மாணவர்கள் படிக்கிற எல்லா மருத்துவமனைகளிலும் உள்ளதுதான். மாணவர்கள் யாருடைய உடம்பில் கற்றுக்கொள்கிறார்கள்? பொது வார்டில் படுத்திருப்பவர் உடம்பில். வயிறு வீங்கிய ஒருவரைச் சுற்றி ஒரு பேட்ச் நிற்கும். ஒருவர் மாற்றி ஒருவர் தட்டிப் பார்ப்பார்கள், அழுத்திப் பார்ப்பார்கள், திரும்பிப் படுக்கச் சொல்வார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிற இடத்தில் 'போதும்பா' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. காசு கட்டிப் படுத்திருப்பவரிடம் இப்படி ஒரு கூட்டம் போய் நிற்காது. ஆக, தமிழ்நாட்டின் நல்ல டாக்டர்கள் பலருடைய கை முதன்முதலில் தடுமாறியது மீன் விற்கிற ஆயாவிடமும், மூட்டை தூக்குகிற தாத்தாவிடமும், வீட்டு வேலைக்குப் போகிற அக்காவிடமும்தான். அவர்கள் கொடுத்ததற்கு யாரும் கணக்கு வைத்ததில்லை.

உண்மையான நோயாளியைத் தொடாமல் யாரும் டாக்டராக முடியாது, அது எனக்குத் தெரியும். முதல் தடுமாற்றமாவது சம்பளம் வாங்கிக்கொண்டு அதற்கென்றே உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கை தடுமாறுவதைவிட வாய் தடுமாறுவது பெரிய காயம் செய்யும். என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று எங்களிடம் சொன்னவர் ஒரு பயிற்சி டாக்டர். பெரிய மருத்துவமனை ஒன்றின் நடைபாதையில், ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபடி, ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு வேகமாக நடந்துபோய்விட்டார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார். அவரை யாரும் அதற்குப் பழக்கவில்லை. கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்று ஆறு படிகள் கொண்ட ஒரு முறை 2000-ல் வெளிவந்து பல நாடுகளில் பாடமாக இருக்கிறது. தனியிடத்தில் உட்காரவைக்க வேண்டும். ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் செய்தி, அதுவும் எளிய வார்த்தையில். அழுதால் அழவிட வேண்டும். கடைசியாக, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்க வேண்டும். படிக்க ஐந்து நிமிடம் ஆகாது. எதிரே ஒருத்தர் 'எம்மாவ காப்பாத்திடுவீங்கல்ல டாக்டர்?' என்று கையைப் பிடித்துக்கொள்ளும்போது இந்த ஆறில் ஒன்றுகூட நினைவுக்கு வராது. பலமுறை பழகியிருந்தால்தான் வரும். பொம்மை யாருடைய கையையும் பிடித்து அழாது.

விதிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது என்பதுதான் என்னை இந்த மடலை எழுதவைத்தது. நோயாளியிடம் பேசும் முறை, நடத்தை, அறம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஏட்காம் பாடம் 2018-ல் வந்தது. 2019-ல் சேர்ந்த பேட்சிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2020-ல் வெளியிட்ட குறைந்தபட்சத் தேவைகளில், ஒவ்வொரு கல்லூரியிலும் ஸ்கில் லேப் எனப்படும் திறன் கூடம் இருக்க வேண்டும் என்றார்கள். அதில் நோயாளிகளையோ மாதிரி நோயாளிகளையோ சோதிக்கக் குறைந்தது நான்கு அறைகள் வேண்டும் என்றும், கூடத்தைப் பார்த்துக்கொள்ளத் தனித் தொழில்நுட்ப அலுவலரும் உதவிப் பணியாளர்களும் வேண்டும் என்றும் இருந்தது. அறைக்கு விதி இருக்கிறது, அந்த அறையில் உட்கார வேண்டியவருக்கு ஒரு பணியிடம் இல்லை. அதனால் என்ன நடக்கிறது? மேல் வகுப்பு மாணவரோ, கையில் வேலை இல்லாத ஊழியரோ நோயாளியாக உட்காருகிறார். ஒரு மாணவி தன் சீனியரிடம் 'உங்களுக்கு வெள்ளைப்படுதா?' என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்புதான் வரும்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாததில்லை. செய்முறைத் தேர்வு வந்தால் இதய வால்வு சுருங்கியவர், மண்ணீரல் பெரிதானவர், பக்கவாதத்தில் கை மடங்கியவர் என்று 'நல்ல கேஸ்'களுக்கு ஆள் அனுப்பிக் கூட்டிவருவது நம் கல்லூரிகளின் பழைய வழக்கம். லாங் கேஸ், ஷார்ட் கேஸ் என்று மாணவர்கள் அவர்களைச் சோதித்துச் சொல்வார்கள். வந்தவருக்குச் சாப்பாடும் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் கிடைக்கும். எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் போய்வருகிறவர்கள் உண்டு. தன் நோயின் ஆங்கிலப் பெயரை மாணவருக்கே மெதுவாக எடுத்துக்கொடுக்கிற அளவுக்குத் தேறியவர்களும் உண்டு. ஆக இந்த வேலை எங்கள் தெருவில் எத்தனையோ காலமாக இருக்கிறது, எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல்.

மாதிரி நோயாளியோடு நின்றுவிட வேண்டாம். திறன் கூடத்தில் வேறு வேலைகளும் இருக்கின்றன, அவையும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும். நார்வே நாட்டில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960-ல் உயிர்மீட்புப் பயிற்சிக்கான 'ஆன்' பொம்மையைக் கொண்டுவந்தார். மார்பை அழுத்தி, வாயில் ஊதிப் பழகுகிற அந்தப் பொம்மையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இப்போதைய பொம்மைகள் மூச்சு விடும், கண் சிமிட்டும், நாடி அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறி இறங்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து அதையெல்லாம் இயக்குகிறார், மைக்கில் பொம்மைக்குக் குரலும் கொடுக்கிறார். மாணவர் தவறான மருந்தைச் சொன்னால் நாடியை இறக்குகிறார். வெளிநாடுகளில் சிமுலேஷன் டெக்னீஷியன் என்று இதற்குத் தனி வேலை, தனிச் சான்றிதழ் உண்டு. பொம்மையின் தோல் கிழிந்தால் மாற்றுவது, ஊசி குத்திக் குத்திப் பொத்தலான ரத்தக் குழாயை மாற்றுவது, கம்ப்ரஸரைப் பார்ப்பது, கேமரா பதிவை எடுத்துக்கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆள் இல்லாத இடத்தில், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொம்மை பிளாஸ்டிக் உறையோடு கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட மட்டும் உறையைக் கழற்றுவார்கள். பயோமெடிக்கல் டிப்ளமோ, ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுச் செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எங்கள் பேட்டை எம்.சி. ரோட்டில் எத்தனை பேர்! காயம், தீப்புண், கொப்புளம் எல்லாவற்றையும் மேக்கப்பில் கொண்டுவர நாடக ஒப்பனைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. வடசென்னையில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பிரசவத்துக்கென்று லேர்டால் நிறுவனமே செய்த 'மாமா நடாலி' என்ற கருவி இருக்கிறது. ஒரு பெண் அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். உள்ளே குழந்தைப் பொம்மை, நஞ்சுக்கொடி, ரத்தம் போன்ற திரவம். அவரே கையால் குழந்தையை வெளியே தள்ளுவார். பிள்ளை பிறந்தபிறகு ரத்தப்போக்கைத் திறந்துவிடுவார். செவிலியர் மாணவி அதை நிறுத்தவும் வேண்டும், 'ஒண்ணும் பயப்படாதம்மா' என்று அவரிடம் பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்ய வேண்டும் என்பதை இப்படித்தான் கற்க முடியும். பிரசவ அறையில் யாராவது அதட்டிய ஒரு வார்த்தையை இருபது வருஷம் கழித்தும் அப்படியே சொல்லிக்காட்டும் அம்மாக்களை எனக்குத் தெரியும். பிள்ளை பெற்று வளர்த்த அனுபவம் உள்ள எங்கள் மகளிர் குழுப் பெண்கள் அந்தக் கருவியைக் கட்டிக்கொண்டு நடித்தால், மாணவிகள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்கள்.

எண்ணூரையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அங்கே கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்கு நடுவில் வாழ்கிற எங்களுக்கு இது மறுபடியும் நடக்கலாம். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வந்து இறங்கினால் யாரை முதலில் பார்ப்பது, சத்தம் போட்டு அழுகிறவரையா, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருப்பவரையா? அவசரப் பிரிவும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களும் ஒத்திகை பார்க்க ஐம்பது பேர் நடிக்க வேண்டும். இருமுகிறவர், மயங்கினவர், 'எம்புள்ளய எங்கயும் காணோம்' என்று கத்திக்கொண்டே டாக்டரை வேலை செய்ய விடாதவர். அந்த இரவை நேரில் பார்த்தவர்களைவிட இதை யார் சரியாகச் செய்வார்கள்? விருப்பம் உள்ளவர்களை மட்டும் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். சிலருக்கு அது ஆறாத புண்.

இங்கே பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணியிடம் மட்டும் கொடுத்துவிட்டு இதை விட்டுவிட்டால் எங்களுக்குக் கெடுதல்தான். ஒரு தனியார் கல்லூரியில் ஒருமுறை எனக்குக் குழந்தையைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம். மதியம் முழுக்க, ஒரு மாணவர் மாற்றி ஒரு மாணவர் வந்து என் பிள்ளை இறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இடைவேளை இல்லை. முடிந்ததும் டீயும் ஒரு கவரும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் தூங்குவதைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் துறையில் முறையாக இயங்கும் இடங்களில் வேஷம் கலைப்பதற்கென்றே நேரம் ஒதுக்குகிறார்கள். எழுந்து நடக்கச் சொல்லி, சொந்தப் பெயரைச் சொல்லவைத்து, சாதாரணமாகப் பேசவைத்துத்தான் அனுப்புகிறார்கள். அதே கல்லூரியில் இன்னொரு நாள், என்னோடு நடித்த அம்மாவுக்கு ஒரே கையில் திரும்பத் திரும்ப ரத்த அழுத்தம் பார்த்துக் கை கன்றிப்போனது. நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அதில் இருக்க வேண்டும். உண்மையான ஊசி கிடையாது. ஊசிப் பயிற்சி என்றால் கையில் கட்டிக்கொள்ளும் ரப்பர்ப் பட்டை. மார்பகம், பிறப்புறுப்புச் சோதனை பொம்மையில்தான். எந்த நிமிடமும் 'நிறுத்துங்க' என்றால் நிறுத்தியாக வேண்டும். பெண்கள் நடிக்கும் அறையில் கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும். வீடியோ எடுத்தால் அதை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நாளில் ஒருவர் எத்தனை முறை கனமான வேஷம் கட்டலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். மாதிரி நோயாளிகளைப் பயிற்றுவிக்கிறவர்களின் பன்னாட்டுச் சங்கம் 2017-ல் இதற்கெல்லாம் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. புதிதாக யோசிக்க வேண்டியதுகூட இல்லை, நம் ஊருக்குத் தக்கபடி எழுதிக்கொண்டால் போதும்.

இந்த வேலையால் எவ்வளவு பேர் பிழைக்க முடியும் என்று என்னிடம் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். உலகம் முழுக்க இது பெரும்பாலும் பகுதி நேர வேலைதான். மணிக்கணக்கில் கூலி. இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். ஆனால் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளிக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் சில மணி நேரம் கிடைக்கும் அம்மாவுக்கு, சர் தியாகராயாவிலும் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலும் படித்துக்கொண்டே வேலை தேடும் பிள்ளைகளுக்கு, மார்கழியிலும் ஆடியிலும் மட்டும் மேளத்தைத் தொடும் கலைஞருக்கு இது மரியாதையான வருமானம். ஆஸ்பத்திரி வரிசையில் கேலிப் பார்வையைத் தாங்கியே பழகிப்போன திருநங்கைகளும் இதில் இருக்க வேண்டும். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று மாணவர்கள் அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம். சில ஆண்டுகள் நடித்து அனுபவம் வந்தவர்கள் பயிற்றுநர் ஆகலாம், கதை எழுதலாம், தேர்வு ஒருங்கிணைப்புப் பார்க்கலாம். அந்த நிலையில் இது முழுநேர வேலை. ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்து வளர்ந்த பகுதி இது, நடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை.

அமெரிக்காவில் நடந்த ஒன்றையும் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே மருத்துவ உரிமத்துக்கான தேர்வில் மாதிரி நோயாளிகளை வைத்து நடக்கும் பகுதி ஒன்றை 2004-ல் கொண்டுவந்தார்கள். ஐந்து நகரங்களில் தேர்வு மையங்கள். 2020-ல் கொரோனா வந்தபோது நிறுத்தினார்கள், 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைவிட்டார்கள். அந்த மையங்களை நம்பியிருந்த நடிகர்களின் வேலையும் அதோடு போனது. கல்லூரிகளில் அன்றாடப் பயிற்சிக்காக வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் வேலை தொடர்ந்தது. அதனால், தேர்வுக்கு மட்டும் கூப்பிடுகிற ஏற்பாடாக இதைச் செய்துவிடாதீர்கள். முதல் ஆண்டு மாணவர் 'வணக்கம்மா, என் பேர் இது' என்று சொல்லிப் பழகுவதிலிருந்து பயிற்சி டாக்டர் வரைக்கும், வாரா வாரம் நடக்கிற பாடமாக வையுங்கள்.

பணத்தைப் பற்றி நிதித்துறை கேட்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக ஆள் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டான்லியில் ஒரு பொது அணி. அதிலிருந்தே ஆர்.எஸ்.ஆர்.எம். செவிலியர்களுக்கும், 108 ஊழியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களுக்கும் பயிற்சி கொடுக்கலாம். பக்கத்துத் தனியார் செவிலியர் கல்லூரிகள் கட்டணம் கட்டி இந்த அணியைக் கூப்பிடட்டும். அதில் ஒரு பகுதி திறன் கூடத்துக்கே வரும். கலைஞர்களைத் தேட 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் பதிவேடு இருக்கிறது. டெக்னீஷியன் பயிற்சியை 'நான் முதல்வன்' திட்டத்தில் ஒரு படிப்பாகச் சேர்க்கலாம். ஒரு பொம்மையின் விலையில், ஒரு அணிக்கே பல மாதம் கூலி கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. பொம்மையை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு காரியமும் உண்டு. ஸ்டான்லி முதல்வரிடம் சொல்லி, திறன் கூடத்தின் அறைகளை ஒரு சனிக்கிழமை காலை மட்டும் எங்களுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஆட்களை நான் கூட்டிவருகிறேன்: காசிமேட்டிலிருந்து இரண்டு பேர், வியாசர்பாடியிலிருந்து இரண்டு பேர், எங்கள் தெரு அம்மா ஒருவர். மருத்துவத் துறையிலிருந்து ஒரு பேராசிரியர் நான்கு கதைகளை எழுதிக் கொடுத்தால் போதும், அந்த வாரமே பாடம் செய்துவிடுவோம். இறுதியாண்டு மாணவர்களில் ஒரு பேட்ச் வரட்டும். நீங்களும் வந்து கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் மாணவர்களிடமே கேட்டுவிட்டு, பணியிடத்துக்கான கோப்பைத் தொடங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள். தேதியை நீங்கள் சொல்லுங்கள், எந்தச் சனிக்கிழமை என்றாலும் எங்களுக்குச் சரி.

இப்படிக்கு,
மாதிரி நோயாளி ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை